ஆப்பைப் பிடுங்கின குரங்கு: ஒரு டேபிள் சாவை அப்கிரேட் பண்ணின கதை

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

இன்னிக்கு எபிசோடு முழுக்க நான் ரம்பம் போடப் போறேன். ரெண்டு அர்த்தத்துலயும்.

வழக்கமா சர்வர், டேட்டாபேஸ்னு பேசுற ஆள் ஏன் மரம் அறுக்குற மெஷினைப் பத்திப் பேசுறான்னு நினைக்கலாம். நான் வீட்டுல ஒரு சின்னப் பட்டறை வெச்சிருக்கேன்னு ஒரு எபிசோடுல போற போக்குல சொன்னேன். அதுல இருந்து ஒரே கேள்விதான் வந்துட்டே இருக்கு: "ப்ரோ, பழைய டேபிள் சா ஒண்ணு வாங்கினா, அதுல முதல்ல எதை அப்கிரேட் பண்ணணும்?"

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ரம்பத்துக்குப் பின்னாடி ஒரு ஆப்பு. மோட்டார், பிளேடு எல்லாம் அதுக்கு அப்புறம்தான். நான் இதைத் தலைகீழா பண்ணி, வயித்துல அடி வாங்கித் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

ஓசூருக்கு வந்த அமெரிக்க மெஷின்

'கான்ட்ராக்டர் சா'னு ஓசூர்ல எந்தக் கடையில கேட்டாலும் முழிப்பாங்க. நம்ம ஊர் பட்டறைகள்ல இழைப்பு மெஷினோட பக்கத்துல ஒரு வட்ட ரம்பம் ஒட்டிட்டு வரும். இல்லன்னா மார்பிள் கட்டரை ஒரு பிளைவுட்டுக்கு அடியில தலைகீழா மாட்டியிருப்பாங்க. கான்ட்ராக்டர் சாங்கிறது அமெரிக்க வகை. அங்க வீடு கட்டுற கான்ட்ராக்டர்கள் வண்டியில ஏத்திக்கிட்டு சைட்டுக்குக் கொண்டு போறதுக்காக வந்தது. மேல வார்ப்பிரும்பு மேசை, 10 அங்குல பிளேடு, கீழ திறந்த கால்கள். மோட்டார் பின்பக்கம் ஒரு கீல்ல தொங்கும், அங்கிருந்து ஒரு பெல்ட் பிளேடைச் சுத்தும். மோட்டாரைக் கழட்டிட்டா ரெண்டு பேர் தூக்கலாம். டெல்டா கம்பெனி 1939-ல கொண்டுவந்த யூனிசா மாதிரியான கேபினட் சாவுல மோட்டாரெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கும். கனம் அதிகம், விலையும் அதிகம்.

கான்ட்ராக்டர் சாவோட எலும்பு நல்ல எலும்பு. மத்ததெல்லாம் சுமார். அதனாலதான் பழசை வாங்கி அப்கிரேட் பண்றது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கா இருக்கு.

என்னோடது, அமெரிக்காவுல இருந்து சாமான்களோட திரும்பி வந்த ஒருத்தர் பெங்களூரு அபார்ட்மென்ட்ல பத்திரமா வெச்சிருந்தது. குட்டி யானையில ஏத்தி, அத்திபள்ளி தாண்டி ஓசூர் கொண்டு வந்தேன். ஏத்தும்போது அவர்கிட்ட கேட்டேன்: "சார், பிளேடு மேல மூடி, பின்னாடி ஒரு தகடு இதெல்லாம் இருக்கணுமே?" அவர் சொன்னார், "அது தொந்தரவுப்பா, முதல் வாரமே கழட்டிட்டேன். எங்க போச்சுன்னே தெரியல." நானும் தலையாட்டிட்டேன். யூடியூப்ல பாதிப் பேர் அது இல்லாமத்தானே வெட்டுறாங்க?

நான் போட்ட லிஸ்ட்

இன்ஜினியர் புத்தி. எக்ஸெல்ல ஒரு லிஸ்ட் போட்டேன். மோட்டார், பிளேடு, ஃபென்ஸ், தூசி உறிஞ்சுற குழாய். பின்னாடி இருக்க வேண்டிய தகடு லிஸ்ட்லயே இல்ல.

மோட்டார் மாத்தினதுல தப்பு ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 50. அங்க நிமிஷத்துக்கு 3450 சுத்து சுத்துற மோட்டார் இங்க 2875 பக்கம்தான் சுத்தும். வோல்டேஜ் குறையாம ஹெர்ட்ஸ் மட்டும் குறைஞ்சா காயில் தேவைக்கு மேல கரண்ட் இழுத்துச் சூடாகும். அதனால கோயம்புத்தூர்ல செஞ்ச 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒண்ணு வாங்கினேன், 2880 ஆர்பிஎம். பழைய மோட்டாரோட போல்ட் ஓட்டையும் இதோட ஓட்டையும் சேராது. பழசோட ஷாஃப்ட் 5/8 அங்குலம், புதுசு 24 மில்லிமீட்டர். அதனால நடுவுல ஒரு இரும்புத் தகடு போட்டேன், புல்லியையும் மாத்தினேன். மோட்டார் பக்கம் மூணரை அங்குலம், பிளேடு பக்கம் ரெண்டரை அங்குலம். விகிதம் 1.4. அப்போ பிளேடு சுமார் 4000 ஆர்பிஎம் சுத்தும். 10 அங்குல பிளேடுக்குச் சரியான வேகம்.

இந்த வேலைக்கு ஓசூர் மாதிரி ஊர் கிடைக்காது. டிவிஎஸ் 50 வந்த ஊர், டைட்டன் வாட்ச் செய்யுற ஊர். சிப்காட் பக்கம் தெருவுக்கு ஒரு லேத், ஒரு லேசர் கட்டிங். வாட்ஸ்ஆப்ல டிராயிங் அனுப்பினா சாயங்காலம் தகடு ரெடி.

மெஷின் பட்டாசா ஓடுச்சு. பழைய மோட்டார் திணறின பலகையெல்லாம் வெண்ணெய் மாதிரி அறுந்துச்சு. அதுதான் பிரச்சினையே.

மாம்பலகை

கிருஷ்ணகிரின்னா மாம்பழம்னு உங்களுக்கே தெரியும். பழைய தோப்பை அழிச்சு புதுக் கன்னு வைக்கும்போது மாமரம் மரவாடிக்கு வரும். தேக்கு வாங்க முடியாத என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் கட்டுப்படியாகும். அப்படி ஒரு பலகை, மூணு அடி நீளம். சரியாக் காயல, அது எனக்கு அப்போ தெரியாது. புத்தக அலமாரிக்கு நீளவாக்குல ரெண்டா கிழிச்சிட்டிருந்தேன்.

பாதி தாண்டினதும் சத்தம் மாறுச்சு. 'ஙீ'ன்னு இருந்தது 'ங்ர்ர்'னு ஆச்சு. தள்ளினேன். அடுத்த நொடி கையில பலகை இல்ல. என் அடிவயித்துல பட்டு, பின்னாடி இருந்த ஷட்டர்ல போய் மோதிக் கீழ கிடந்துச்சு. ஷட்டர்ல இன்னும் அந்தக் குழி இருக்கு. வயித்துல மூணு வாரம் நீலம். அம்மாகிட்ட பைக்ல இடிச்சிக்கிட்டேன்னு சொன்னேன்.

அடியை விட வேற ஒண்ணுதான் என்னைத் தூங்க விடல. பலகை மேல இருந்த என் இடது கை, பலகை காணாமப் போனதும் முன்னாடி வழுக்கி விழுந்திருந்துச்சு. கண்ணைத் திறந்து பாத்தப்போ பிளேடுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல ஒரு ஜாண் கூட இல்ல. பிளேடு இன்னும் சுத்திட்டிருந்துச்சு.

என்ன நடந்துச்சு?

இதுக்குப் பேரு கிக்பேக். டேபிள் சாவுல பிளேடோட முன்பக்கப் பல் கீழ்நோக்கி இறங்கும், மரத்தை மேசையோட அழுத்தும். அது நல்லது. ஆனா பின்பக்கப் பல் மேசைக்குள்ள இருந்து மேல எழும்பும். அறுந்த மரம் அந்தப் பின்பக்கப் பல்லைத் தொட்டுச்சுன்னா, பல் அதைக் கவ்வித் தூக்கி, நிக்கிற ஆள் மேல வீசும்.

எவ்வளவு வேகத்துல? 4000 ஆர்பிஎம்ல 10 அங்குல பிளேடோட விளிம்பு நொடிக்கு 53 மீட்டர் ஓடுது. மணிக்கு 190 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி ஹைவேல எந்த பஸ்ஸும் அந்த வேகத்துல போகாது.

நாம சுதாரிச்சுக் கையை எடுக்க சுமார் 0.2 நொடி ஆகும். 40 பல் பிளேடுன்னா அந்த நேரத்துல 530 பல் கடந்து போயிருக்கும். 'நான் கவனமா இருப்பேன்'ங்கிறது இங்க ஒரு பாதுகாப்பே இல்ல. கவனம் வேணும், ஆனா கவனத்தோட வேகம் பத்தாது.

அப்போ மரம் ஏன் பின்பக்கப் பல்லைத் தொடுது? ரெண்டு காரணம். ஒண்ணு, அறுந்த பிளவு தானா மூடிக்குது. ரெண்டு, ஃபென்ஸ் கோணலா இருந்து மரத்தை பிளேடு பக்கம் நெருக்குது. என் விஷயத்துல ரெண்டுமே இருந்துச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

"ஆப்பு வெக்கலையா தம்பி?"

அந்தப் பலகையை வாங்கின மரவாடிக்கே போனேன். சண்டை போடத்தான் போனேன். அங்க கணக்கு பாக்குற பெரியவர் பலகையைத் திருப்பிப் பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஆப்பு வெக்கலையா தம்பி?"

"மெஷின்ல அறுத்தேங்கய்யா."

"மெஷினா இருந்தா என்ன? மரத்துக்கு அது தெரியுமா?"

அவர் சின்ன வயசுல இழுவை ரம்பத்துல வேலை பாத்தவர். மரத்தை மேல ஏத்தி, ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ நின்னு இழுக்குறது. ஒரு முழம் அறுத்ததும் பிளவுல ஒரு மர ஆப்பை அடிச்சிடுவாங்களாம். இல்லன்னா மரம் ரம்பத்தைக் கவ்விக்கும், ஆனை வந்தாலும் இழுக்க முடியாது. மரம் நிக்கும்போது அதுக்குள்ள ஒரு முறுக்கு இருக்கும், அறுக்கும்போதுதான் அது வெளிய வரும்னார். சில பலகை விரியும், சில பலகை மூடும். எது எப்படின்னு அறுக்குறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது.

கிளம்பும்போது சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "ஆப்பசைச்ச குரங்கு கதை படிச்சதில்லையா?"

படிச்சிருக்கோம், எல்லாரும். பாதி அறுத்த மரத்துல உக்காந்த குரங்கு, பிளவுல இருந்த ஆப்பைப் பிடுங்கும். பிளவு மூடி வால் மாட்டிக்கும். சேட்டைக்குத் தண்டனைனு நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா அந்தக் கதையில ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பாடம் இருக்கு, அதை யாரும் சொல்லல. ஆப்பைப் பிடுங்கினா பிளவு மூடும். என் கேஸ்ல பிடுங்கினது ஒருத்தர், வால் மாட்டினது எனக்கு.

நவீன ஆப்பு

டேபிள் சாவுல ஆப்புக்குப் பேரு ரைவிங் நைஃப். பேருதான் கத்தி, அதுல கூர்மை கிடையாது. பிளேடுக்குப் பின்னாடி, அதே கோட்டுல நிக்கிற ஒரு வளைஞ்ச தகடு. அறுந்த பிளவு அதுக்குள்ள போகும். மரம் மூடப் பாத்தாலும் தகடைத்தான் கவ்வும், பல்லைத் தொடாது. பிளேடு ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். ஐரோப்பாவுல இது ரொம்ப காலமா வழக்கம். அமெரிக்காவுல 2000-களோட கடைசியிலதான் புது மாடல்களுக்குக் கட்டாயமாச்சு. அதனாலதான் பழைய கான்ட்ராக்டர் சாவுல இது இருக்காது. அதுக்குப் பதிலா 'ஸ்ப்ளிட்டர்'னு ஒண்ணு வரும். பிளேடோட சாயும், ஆனா ஏறி இறங்காது. காடி எடுக்கணும்னா கழட்டித்தான் ஆகணும். கழட்டினவங்க திரும்பப் போட மாட்டாங்க.

பழைய மெஷின்ல ரைவிங் நைஃப் சேக்குறது கஷ்டம், ஸ்ப்ளிட்டர் செய்யுறது சுலபம். மேசைக்கு அடியில, பிளேடைத் தாங்குற வார்ப்போட பின்பக்கத்துல, பழைய ஸ்ப்ளிட்டர் மாட்டின ரெண்டு போல்ட் ஓட்டை இன்னும் இருந்துச்சு. அதை அளந்து டிராயிங் போட்டேன்.

முக்கியமான நம்பர் தகடோட கனம். என் பிளேடு அறுக்குற பிளவு 3.2 மில்லிமீட்டர், பிளேடோட உடம்பு 2.2. தகடு இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். பிளவை விடத் தடிமன்னா மரம் நுழையாது. உடம்பை விட மெல்லிசுன்னா மரம் மூடிக்க இடம் கொடுத்துடும். நான் 2.5 மில்லிமீட்டர் தகடு போட்டேன். பிளேடு மாத்தும்போதெல்லாம் இந்தக் கணக்கை மறுபடி பாக்கணும். மெல்லிசா அறுக்குற பிளேடு போட்டா இதே தகடு பொருந்தாது.

மொத்த அப்கிரேட்லயும் குறைஞ்ச செலவு இதுக்குத்தான். மோட்டாரோட விலையில ஒரு சின்னத் துண்டு கூட வரல.

டயல் கேஜ்

அடுத்தது ரெண்டாவது காரணம், கோணல். மேசையில முன்னாடியிருந்து பின்னாடி வரை ஒரு நீளப் பள்ளம் இருக்கும். பிளேடு அதுக்கு இணையா இருக்கணும். மெஷினோட பிளக்கை உருவிட்டு, டயல் கேஜை ஒரு மரக்கட்டையில மாட்டி, பள்ளத்துல தள்ளிக்கிட்டே அளக்கணும். பிளேடோட ஒரு பல்லுல மார்க் போட்டு, முன்னாடி ஒரு தடவை, அதே பல்லைப் பின்னாடி சுத்திக் கொண்டு வந்து ஒரு தடவை. வேற வேற பல்லுல அளந்தா பிளேடோட நெளிசலையும் சேத்து அளந்துடுவோம்.

என்னோடது 0.6 மில்லிமீட்டர் தள்ளி இருந்துச்சு. சிப்காட்ல வேலை பாக்குற நண்பன் கேஜைக் கடன் கொடுத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான். அவங்க வேலையில 0.02 தள்ளினாலே பீஸ் குப்பைக்குத்தான். மரத்துக்கு 0.1-க்குள்ள வந்தாப் போதும். கான்ட்ராக்டர் சாவுல பிளேடு அமைப்பு மேசையோட அடியில நாலு போல்ட்ல தொங்குது. மூணைத் தளர்த்தி, ஒண்ணை லேசாப் பிடிக்க விட்டு, மரச் சுத்தியால தட்டித் தட்டி நேராக்கணும். அரை நாள் வேலை. அப்புறம் ஃபென்ஸையும் அதே பள்ளத்துக்கு இணையா வைக்கணும். தள்ளினாலும் பின்பக்கம் ஒரு மயிரிழை விலகித்தான் இருக்கணும், நெருங்கக் கூடாது.

பிளேடை 45 டிகிரி சாய்ச்சும் ஒரு தடவை அளந்துடுங்க. மோட்டார் பின்னாடி தொங்குறதால சாய்க்கும்போது மொத்த அமைப்பும் முறுக்கிக்கும். இது இந்த வகை மெஷினோட பிறவிக் குணம்.

கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டர்

மூணாவது அப்கிரேட் நம்ம ஊருக்குன்னே ஆனது. பழைய மெஷின்ல சாதாரண சுவிட்ச். ஆன்ல இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா பிளேடு நின்னுடும், சுவிட்ச் ஆன்லயே இருக்கும். நீங்க மறந்துட்டு பிளேடு பக்கத்துல சிக்கின மரத்தூளைக் கையால தள்ளுவீங்க. அப்போ கரண்ட் வரும்.

இதுக்குத் தீர்வு ஒவ்வொரு கிணத்து மோட்டார் ரூம்லயும் தொங்குது. பச்சை, சிவப்பு பட்டன் வெச்ச டிஓஎல் ஸ்டார்ட்டர். கரண்ட் போனா உள்ள இருக்கற கான்டாக்டர் விட்டுடும். திரும்ப வந்தாலும் பச்சையை அமுக்குற வரைக்கும் ஓடாது. பம்புசெட் கடையில 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸுக்குக் கேட்டு வாங்கி, எலக்ட்ரீஷியனை வெச்சு மாட்டினேன். முழங்கால் உயரத்துல வெச்சிருக்கேன், சிவப்பைக் காலாலயே தட்டலாம். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க: கிணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டரும் விக்கிறாங்க, கரண்ட் வந்ததும் தானா ஓடும். அது இங்க வேண்டவே வேண்டாம்.

விரலைத் தொட்டா நிக்கிற ரம்பம்

இந்த இடத்துல ஒருத்தராவது கேப்பீங்க: "ப்ரோ, சாஸ்டாப் வாங்கலாமே?" அமெரிக்காவுல ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர், இயற்பியல்ல டாக்டரேட் வாங்கின காப்புரிமை வக்கீல். 1999-ல அவருக்கு வந்த யோசனை. பிளேடுல ஒரு சின்ன மின் சிக்னல் ஓடும். விரல் தொட்டா உடம்பு அந்த சிக்னலை இழுக்கும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள்ள பாயும், 5 மில்லி நொடிக்குள்ள பிளேடு நின்னு மேசைக்குக் கீழ போயிடும். நம்ம கணக்குல 530 பல்லுக்குப் பதிலா 13 பல். கீறலோட போயிடும். பெரிய கம்பெனிகள் லைசென்ஸ் வாங்கல, அதனால அவரே கம்பெனி ஆரம்பிச்சு 2004-ல விக்க ஆரம்பிச்சார். பாஷ் தன் வகையைக் கொண்டுவந்தப்போ காப்புரிமை வழக்கு போட்டாங்க, 2017-ல அதோட இறக்குமதியை அமெரிக்கா தடை பண்ணுச்சு. 2024-ல, இந்தத் தொழில்நுட்பம் சட்டப்படி கட்டாயமானா ஒரு முக்கியக் காப்புரிமையைப் பொதுவுக்கு விடத் தயார்னு அதே கம்பெனி சொல்லுச்சு. அங்க வருஷத்துக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா பிளேடுல காயப்படுறாங்கன்னு அரசு மதிப்பீடு.

அருமையான மெஷின். ஆனா பழைய மெஷின்ல அதை மாட்ட முடியாது. பலகை பறந்து வயித்துல அடிக்கிறதையும் அந்த பிரேக் தடுக்காது. அதுக்காக அந்த மெஷின்லயும் ரைவிங் நைஃப் தனியா இருக்கு.

நம்ம நாட்டுச் சட்டத்துல இதெல்லாம் இல்லையான்னா, இருக்கு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட கீழ வந்த மாநில விதிகள், வட்ட ரம்பத்துக்குப் பின்னாடி இந்தக் கத்தி இருக்கணும்னு சொல்லுச்சு. ஆனா அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு. மோட்டார் வெச்ச இடம்னா குறைஞ்சது 10 பேர் வேலை செய்யணும்னு அதுல இருந்துச்சு. நம்ம வீட்டு ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். இங்க இன்ஸ்பெக்டர் நாமதான்.

கடைசியா

சொல்லப் பிடிக்கல, ஆனா சொல்லணும். விரல் துண்டானா, துண்டைக் கழுவித் தேய்க்காதீங்க. சுத்தமான ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. துண்டு நேரா ஐஸைத் தொடக் கூடாது. காயத்தை அழுத்திக் கட்டி, 108-க்குக் கூப்பிட்டு, விரலை ஒட்ட வசதியுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். இந்தத் துறையில தமிழ்நாட்டுக்குப் பெரிய பேர் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களிலேயே கைக்காயத்துக்குத் தனிப் பிரிவை வளர்த்தார். கோவை கங்கா மருத்துவமனையில டாக்டர் எஸ். ராஜா சபாபதியோட குழு இதுக்கு உலக அளவுல பேர் வாங்கினது. அவங்க அவ்வளவு தேர்ந்ததுக்குக் காரணம், நம்ம ஊர் மெஷின்கள்ல அவ்வளவு கைகள் மாட்டியிருக்கு. அந்த வரிசையில நாம சேர வேண்டாம்.

ஆக, வரிசை இதுதான்: ஸ்ப்ளிட்டர், டயல் கேஜ், ஸ்டார்ட்டர். கூடவே பலகையைத் தள்ள ஒரு மரக்குச்சி. கையுறை வேண்டாம், பல்லுல மாட்டினா கையையும் சேத்து இழுக்கும். பிளேடுக்கு நேரா நிக்காதீங்க, ஒரு பக்கமா நில்லுங்க. இதெல்லாம் முடிஞ்ச பிறகு மோட்டார், ஃபென்ஸ், பிளேடு எது வேணும்னாலும் மாத்துங்க. காடி எடுக்க ஸ்ப்ளிட்டரைக் கழட்டினா, திரும்ப மாட்டுற வரைக்கும் அதை ஸ்டார்ட்டர் மேலேயே தொங்க விடுங்க. நான் அப்படித்தான் பண்றேன். பச்சை பட்டனை மறைச்சுக்கிட்டு தொங்கும்.

மார்பிள் கட்டரைத் தலைகீழா மாட்டி ஓட்டுற நண்பர்களே, உங்களுக்குத் தனி எபிசோடு வருது. அதுவரைக்கும் தயவுசெஞ்சு அதை ஓட்டாதீங்க.

அந்த மாம்பலகை? ஒரு வருஷம் நிழல்ல காய வெச்சு, ஸ்ப்ளிட்டரோட மறுபடி அறுத்தேன். பாதி தாண்டினதும் அதே 'ங்ர்ர்' லேசா வந்துச்சு. பிளவு மூடித் தகடைக் கவ்விப் பிடிச்சுது. சிவப்பைத் தட்டினேன். பிளேடு நின்னதும் பிளவுல ஒரு சின்ன மர ஆப்பை அடிச்சேன், மீதியை அறுத்து முடிச்சேன். அலமாரி இப்போ ஹால்ல நிக்குது. அடுத்த வாரம் பாக்கலாம்.